வாரத்து மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும்

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த மூன்றாவது வருடம், காலையில் எழுந்தால் என் கைவிரல்கள் மடங்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். என் கணவர் இரண்டு தெரு தள்ளி ஒரு நிட்டிங் யூனிட்டில் மிஷின் ஓட்டினார். விரல் கணுக்கள் வீங்கிச் சூடாக இருக்கும். பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். கம்பெனிக்குப் போய் முதல் ஒரு மணி நேரம் துணியை விரலால் தள்ளாமல் உள்ளங்கையால் தள்ளித்தான் தைப்பேன்.

கம்பெனியில் எங்கள் தையல் லைனில் யாருக்கு எந்த வலி வந்தாலும் மருந்து ஒன்றுதான். மெடிக்கல் ஷாப்பில் போய், "மூட்டு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் மூன்று நான்கு மாத்திரைகளைத் தாளில் மடித்துத் தருவார்கள். அதற்குப் பெயர் கிடையாது. சிவப்பு ஒன்று, வெள்ளை இரண்டு, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அதைப் போட்ட அன்றைக்கு நான் பறந்தேன். வலி இருந்த இடமே தெரியவில்லை. தொடர்ந்து போட்டேன். சில மாதங்களில் முகம் பூரி மாதிரி உப்பியது. "திருப்பூர்த் தண்ணி ஒனக்கு ஒத்துக்கிட்டு" என்று ஊரிலிருந்து வந்தவர்கள் மெச்சினார்கள். உள்ளே வயிறு எரிந்துகொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். எரிச்சல் தாங்காமல் நிறுத்தினால் வலி முன்னைவிட இரண்டு பங்காகத் திரும்பி வந்தது.

பக்கத்தில் இருந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது முடக்குவாதம், இதற்கென்று தனி டாக்டர் கோயம்புத்தூரில் இருக்கிறார் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் ஈரோட்டிலிருந்து வரும் பாசஞ்சரில் என்னை ஏற்றிவிட்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டு ஓடினார்.

புது பாட்டில். அதன் மூடி திறக்க வேண்டுமே. கையால் பார்த்தேன், புடவைத் தலைப்பைச் சுற்றித் திருகிப் பார்த்தேன், கடைசியில் பல்லால் கடித்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு சாப்பாட்டுத் தூக்குப்போசி.

"ஏனுங்க அம்மிணி, உங்களுக்கும் கைதானுங்களா?" என்றார்.

"ஆமாக்கா. ஒங்களுக்கும் அப்படித்தானா?"

பதிலுக்கு அவர் தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். என் கைகளைவிட மோசமாக வீங்கியிருந்தன.

"குடுங்க. நான் பாட்டிலப் புடிச்சுக்கறேன், நீங்க மூடியத் திருவுங்க" என்றார். அவர் பிடித்தார், நான் திருகினேன். பாட்டில் நழுவியது. பிறகு நான் பிடித்தேன், அவர் திருகினார். மறுபடி நழுவியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் பாட்டிலை வாங்கி ஒரே திருகில் திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை. வலி வந்த நாளிலிருந்து அப்படி நான் சிரித்ததில்லை.

அவர் ஊத்துக்குளிக்காரர். தோட்டத்தில் எருமைகள் உண்டு. வெண்ணெய் எடுத்துக் கடைகளுக்குப் போடுகிற குடும்பம். வெண்ணெய் உருட்டுகிற வேலையை மருமகளிடம் விட வேண்டியதாகிவிட்டது என்பதுதான் அவருடைய பெரிய குறை. "எம்பட மருமக லட்டாட்டம் உருட்டறாளுங்க. கடைக்காரரு சிரிக்கறாரு" என்றார். கோயம்புத்தூரில் இறங்கியபோதுதான் இருவரும் ஒரே டாக்டரிடம் போகிறோம் என்று தெரிந்தது. அவருக்கும் அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். நான் தின்ற செட் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வலி மாத்திரை வீக்கத்தைக் கொஞ்ச நேரம் அமுக்கும். வயித்தையும் கெடுக்கும். உங்க செட்ல இருந்த ஸ்டீராய்டு வேகமா அமுக்கும், அதனாலதான் பறந்த மாதிரி இருந்துச்சு. அதை வருஷக்கணக்காத் தின்னா எலும்பு போயிடும், சர்க்கரை வந்துடும். ரெண்டுமே நோயை நிறுத்தாது. உள்ள மூட்டு அரிச்சுக்கிட்டேதான் இருக்கும். நிறுத்தற மருந்து வேற இருக்கு. அது வேலை செய்யவே ரெண்டு மூணு மாசம் ஆகும். பொறுமையா இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்கு ஒரு கணக்குச் சொன்னார். அதோடு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதினார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அதைப் போட வேண்டும். மறுநாள் ஒரு சத்து மாத்திரை. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கல்யாணம் ஆயிடுச்சுல்ல? இந்த மருந்து போடற வரைக்கும் குழந்தை உண்டாகக் கூடாது. வேணும்னு தோணினா முதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த வலியில், குழந்தையைத் தூக்குகிற கை முதலில் வேண்டும் என்றுதான் தோன்றியது.

அக்காவுக்கு அந்த வருடம் காமாலை வந்து போயிருந்தது. ரத்தம் சரியாகிற வரைக்கும் வாரத்து மாத்திரை வேண்டாம் என்று அவருக்கு வேறு கொடுத்தார்: சல்ஃபாசலசின். மஞ்சள் மாத்திரை. காலையிலும் இரவிலும் தினமும் போட வேண்டும்.

ரயிலில் திரும்பும்போது இருவரும் பையைப் பிரித்து ஒருவர் மருந்தை இன்னொருவர் பார்த்தோம். "உனக்கு வாரத்துக்கு ஒருக்கா. எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. அப்ப உன்றதுதான் வீரியமானது" என்றார் அக்கா. அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அந்த ரயில் எங்களுடையதாகிவிட்டது. ஊத்துக்குளியில் ஏறியதும் அக்கா எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருப்பார். திருப்பூரில் நான் ஏறி உட்கார்ந்த உடனே பேச்சு ஆரம்பித்துவிடும். காலையில் கை இளக எவ்வளவு நேரமாகிறது, எந்த விரல் முதலில் மடங்குகிறது, எந்த மாத்திரை வயிற்றை என்ன செய்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டதும் என் மாத்திரையைப் போடுவேன். திங்கட்கிழமை முழுக்கக் குமட்டும். டீ வாசனை ஆகாது. அக்காவுக்குக் குமட்டல் கிடையாது. அவருக்கு வேறு ஒன்று நடந்தது.

"சிறுநீரு ஆரஞ்சுக் கலர்ல போவும்னு டாக்டரம்மா சொன்னதை நான் சுத்தமா மறந்துபோட்டேன் கண்ணு. மறுபடியும் காமாலை வந்துருச்சுன்னு எங்கூட்டுக்காரரு விடிகாலைல எந்திரிச்சு, வரப்பெல்லாம் தேடிக் கீழாநெல்லி புடுங்கியாந்து, அரைச்சு உருண்டை புடிச்சு நிக்கறாரு. முழுங்குன்னு."

"முழுங்கினியளா?"

"முழுங்காம உடுவாரா? அப்பறந்தான் மாத்திரை நெனப்பு வந்துச்சு. அவருகிட்ட இன்னும் சொல்லுல. பாவம், வரப்பெல்லாம் தேடுனாரு."

பெட்டியில் இருந்த பாதிப் பேர் சிரித்தார்கள்.

நான்காவது மாதம் என்று நினைக்கிறேன். ரயிலில் ஏறி உட்கார்ந்து, பேச்சு வாக்கில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். மூடியைப் போட்ட பிறகுதான் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"நீயே தொறந்துட்டே" என்றார்.

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மறுபடி மூடி, மறுபடி திறந்தேன். அவருக்கு ஒருமுறை, எனக்கு ஒருமுறை, எங்களுக்கு எதிரே இருந்த பூக்கார அம்மாவுக்கு ஒருமுறை. அக்கா தூக்குப்போசியிலிருந்து நெய் வழியும் பருப்புச் சாதத்தை எடுத்து மூன்று பேருக்கும் கொடுத்தார்.

அக்காவின் மஞ்சள் மாத்திரையும் வேலை செய்தது, ஆனால் அரைகுறையாக. வீக்கம் கொஞ்சம் வற்றியது. வெண்ணெய் உருட்டுகிற அளவுக்குக் கை வரவில்லை. அவர் அதைச் சொல்லிப் புலம்ப மாட்டார். என் விரல்களைப் பிடித்து மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க கண்ணு" என்பார். மரியாதை ஏறினால் அவருக்கு மனசு கனத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வருடம் போயிற்று. நான் பழையபடி தைத்தேன். முகமும் வற்றிப் பழைய முகமானது. கை சரியானதும் மனசு அடுத்ததைக் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் தண்ணீர் கொண்டு வந்து நின்றார்.

"பிள்ள வேணும்னு தோணுதா ஒனக்கு?" என்றார்.

"ஒங்களுக்கு?"

"எனக்கு எப்பவோ தோணிட்டு. ஆனா ஒங்கை இப்பதாம்ட்டி வந்திருக்கு. மறுபடி நீ அழுதா என்னால பாக்க முடியாது."

"அழ மாட்டேன்."

"அழுவ" என்றார். "சரி, அழுதா நான் பாத்துக்கிடுதேன். அந்தம்மாட்ட போய்ச் சொல்லு."

அந்த மாதம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். வாரத்து மாத்திரையை அன்றோடு நிறுத்தினார். உடம்பிலிருந்து அது முழுதாகப் போகக் குறைந்தது மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றார். அதுவரைக்கும், அதற்கப்புறமும், கர்ப்பத்துக்குப் பாதகமில்லாத மருந்து ஒன்று தருகிறேன் என்று எழுதினார். எனக்கு அடுத்து அக்கா உள்ளே போனார். நான் மருந்துக் கவுண்ட்டரில் நின்றுகொண்டிருந்தபோது வெளியே வந்தார்.

"உனக்கு என்ன குடுத்தாங்க?"

பையைத் திறந்து காட்டினேன். மஞ்சள் மாத்திரை.

அவர் தன் சீட்டை நீட்டினார். அவருக்கு ரத்தம் சரியாகிவிட்டதாம். வாரத்து மாத்திரை.

மருந்து கொடுத்த பையன் நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று புரியாமல் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்று ரயிலில் நாங்கள் இருவருமே டாக்டர்கள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம மட்டுந்தான். மறந்துபோய் தெனமும் போட்டுராதிய. அதுல வெளையாடவே கூடாது. மறுநாள் சத்து மாத்திரைய விட்ராதிய."

"நீயி வெறும் வயித்துல போட்டுராத கண்ணு. கலரு மாறுனா பயந்துக்காத. உன்ற ஊட்டுக்காரருகிட்ட முன்னாலயே சொல்லிப்போடு, கீழாநெல்லி தேடிப் போயிறப் போறாரு."

அடுத்த மாதங்கள் சுலபமாக இல்லை. மஞ்சள் மாத்திரை மெதுவாகத்தான் பிடித்தது. அது பிடிப்பதற்குள் வாரத்து மாத்திரையின் பலம் போய்விட்டது. கணுக்கள் மறுபடி வீங்கின. கம்பெனியில் சொல்லி மிஷினிலிருந்து செக்கிங் டேபிளுக்கு மாறிக்கொண்டேன். என் கணவர் சொன்னபடியே அழுதேன், அவரும் சொன்னபடியே பார்த்துக்கொண்டார். எனக்குப் பின்ன முடியாமல் போன முடியை அவர்தான் பின்னிவிட்டார். முதல் நாள் சடை காதுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து முதுகில் எங்கோ போய் முடிந்தது. செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் என்னை நிற்க வைத்துச் சுற்றி வந்து பார்த்தார்கள். "யாரு கட்டுனது, கரண்டுக்காரரா?" என்றாள் ஒருத்தி. அவரிடம் போய்ச் சொன்னேன். ரோஷம் வந்துவிட்டது. நூல் அறுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுகிற கை அது, முடிக்குப் பழக எத்தனை நாளாகும்? ஒரு மாதத்தில் நான்கு கால் பின்னல் போட்டு அனுப்பினார். அதே பெண்கள், அவரிடம் கேட்டுச் சொல்லிக்கொடு என்று கேட்டார்கள்.

மூன்று மாதம் முடிந்து இன்னும் சில மாதங்கள் ஆயின. மஞ்சள் மாத்திரை ஓரளவு பிடித்துவிட்டது. அக்காவின் கைகளோ ஒவ்வொரு மாதமும் என் கண் முன்னால் இளகிக்கொண்டிருந்தன. ஒருநாள் ரயிலில் அவர் தூக்குப்போசியைத் திறந்தார். பருப்புச் சாத வாசனை வந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. கொமட்டுது. மாத்திர செய்யிற வேல."

அக்கா போசியை மூடினார். பிறகு கேட்டார்.

"எந்த மாத்திரை?"

"மஞ்ச மாத்திரதான்."

"அந்த மாத்திரைய நான் ஒரு வருஷத்துக்கு மேல தின்னுருக்கறேன். ஒரு நாளு கொமட்டுல. நீயும் இத்தன மாசமாத் திங்கறே, இத்தன நாளாக் கொமட்டுச்சா?"

"இல்லக்கா."

"கொமட்டற மாத்திரை இப்ப எங்கிட்ட இருக்குது. உனக்கு எதுக்குக் கொமட்டுது?" என்று என் முகத்துக்கு நேராக வந்து கேட்டார். நான் விழித்தேன். "தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு அம்மிணி?"

விரலால் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். எண்ணி முடிப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் அப்போது சோமனூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. பெட்டி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர் என் காதோடு வாயை வைத்து, "முருகா" என்று மட்டும் சொன்னார். நான் "ஆண்டவரே" என்றேன். அப்புறம் கோயம்புத்தூர் வரும்வரை அவர் என் கையை விடவில்லை.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்து உறுதி சொன்னார். "உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். "வெளிய ஒரு டாக்டர் இருக்காங்க" என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். வராந்தாவில் அக்கா நின்றுகொண்டு தெரியாத ஒரு நோயாளிக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. கர்ப்பத்தில் நிறையப் பேருக்கு இந்த நோய் தானாகவே அடங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்கு அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. நான்காம் மாதம் ஒரு காலையில் கண் விழித்தேன். விரல்களை மடக்கினேன், மடங்கின. நீட்டினேன், நீண்டன. எந்த மருந்திலும், அந்தச் செட் மாத்திரையிலும் கூட, காலை நேரத்தில் கை அப்படி லேசாக இருந்ததில்லை. எழுந்து துணி ஊற வைத்துத் துவைத்தேன். பெட்ஷீட்டைத் தனியாகப் பிழிந்தேன். சப்பாத்தி மாவு பிசைந்தேன். சாப்பிட யாரும் இல்லாத அளவுக்குச் சப்பாத்தி போட்டேன். தலையை நானே சீவிப் பின்னிக்கொண்டேன். என் கணவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு வேல போச்சா?" என்றார். நிஜமாகவே முகம் வாடிவிட்டது. மறுநாளிலிருந்து சடையை மட்டும் அவரிடமே விட்டுவிட்டேன்.

மாதம் ஒருமுறை அக்காவோடு போவது நிற்கவில்லை. ரயிலில் இப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, இருவர் கைகளும் நன்றாக இருந்தன. அதனால் பேச்சு வேறு திசையில் போனது. என் வயிறு முன்னால் தள்ளியிருக்கிறதா, பக்கவாட்டில் அகன்றிருக்கிறதா என்று பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் கருத்துச் சொன்னார்கள்.

பெண் குழந்தை. திருப்பூரிலேயே பிறந்தாள். ஊரிலிருந்து என் அம்மா வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு, அறுவடைக்குத் திரும்பிப் போனாள். அம்மா போன வாரத்தில்தான் டாக்டரம்மா எச்சரித்தது வந்தது. பிரசவத்துக்கு அப்புறம் நோய் திரும்பும் என்றிருந்தார், திரும்பியது. குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்ட என் மணிக்கட்டுக்குத் தைரியம் வரவில்லை. பால் கொடுக்கிற வரைக்கும் வாரத்து மாத்திரைக்குப் போகவும் முடியாது. மஞ்சள் மாத்திரையோடு, மலேரியாவுக்குக் கொடுக்கிற மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைப் போடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பிடிக்க அதுவும் மாதக்கணக்கு எடுக்கும்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் காலை பாசஞ்சரில் வந்து இறங்கிவிட்டார். வந்ததும் வராததுமாகக் கொசுவத்தை இழுத்துச் செருகி, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டார். எண்ணெய் தேய்த்தார். முதுகு, தோள், கால் என்று ஒவ்வொன்றாக நீவினார். வெந்நீரை அளவாக ஊற்றினார். அந்த விரல்கள் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வளைய வேண்டிய இடத்தில் வளைந்தன, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தின. ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. குழந்தை முதலில் கத்தினாள், பிறகு கொட்டாவி விட்டாள்.

"எப்படி, உன்ற மாத்திரை?" என்றார் அக்கா.

"நல்ல மாத்திரதான்க்கா."

"உனக்கும் கை மறுபடி வரும். அதுவரைக்கும் நான் இருக்கறேன்."

இருந்தார். ஒரு மாதத்துக்கு மேல், வாரத்துக்கு மூன்று நாள் ரயிலேறி வந்து குளிப்பாட்டிவிட்டு மத்தியான வண்டியில் திரும்புவார். மற்ற நாட்களில் என் கணவர் குளிப்பாட்டினார், அக்கா பக்கத்தில் இருந்து திட்டித் திட்டிக் கற்றுக் கொடுத்திருந்தார். அவருடைய வீட்டில் வெண்ணெய் வேலை என்ன ஆகிறது என்று கேட்டேன். மருமகள் இப்போது நன்றாக உருட்டுகிறாளாம். "அதுதான் எனக்குப் புடிக்கல" என்று சொல்லிச் சிரித்தார்.

குழந்தை பால் மறந்த பிறகு டாக்டரம்மா என்னை மறுபடி வாரத்து மாத்திரைக்கு மாற்றினார். மலேரியா மருந்தையும் கூடவே தொடரச் சொன்னார். இரண்டும் சேர்ந்து நன்றாகப் பிடித்துக்கொண்டன. மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன். வலி மாத்திரை எப்போதாவது ஒன்று, சாப்பிட்ட பிறகு மட்டும்.

மகள் ஓடியாட ஆரம்பித்திருந்த சமயம். நான், அக்கா, மகள் மூன்று பேரும் கோயம்புத்தூர் போயிருந்தோம். டாக்டரம்மா என்னையும் அக்காவையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டு, இருவர் ரத்த ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் நன்றாக இருந்தன.

"ரெண்டு பேருக்கும் நோய் நல்லா அடங்கியிருக்கு. இனிமே மாசாமாசம் வர வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் முகம் விழுந்ததைப் பார்த்து அவருக்குக் குழப்பமாகிவிட்டது. "என்னங்க, நல்ல செய்திதானே சொன்னேன்?" என்றார்.

"நல்ல செய்திதானுங்க" என்றார் அக்கா. "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கான்னு வெச்சுக்கலாமுங்களா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். எழுதியதை அடித்துவிட்டு, ரத்தம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் இரண்டு பேரும் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். வெளியே வந்து, மத்தியான வண்டிக்கு நிறைய நேரம் இருந்ததால் மூன்று பேரும் இளநீர் குடிக்கப் போனோம்.